தண்ணீர் போகும் பக்கம்

மலை இல்லை.
வாலிநோக்கத்திலிருந்து மூக்கையூர் வரை
எவ்வளவு நிமிர்ந்து பார்த்தாலும்
பனையை விட உயரமானது
செல்போன் கோபுரம்தான்.
இங்கே மலைச் சைக்கிளுக்குப் பாதை வெட்டக்
கற்றுத்தரப் போவதாக
மெர்சிலின் சொன்ன அன்று
டீக்கடை பெஞ்சு முழுக்கச் சிரித்தது.
நானும்தான். ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தேரி மேடு இருக்கே, என்றாள்.
நாலு ஆள் உயரம். போதும்.

முதல் ஞாயிறு பதினோரு பேர்.
அடுத்த ஞாயிறு ஆறு:
உப்பளத்தில் முறை மாற்றிக்கொண்டு வந்த நான்,
பஞ்சர் கடை ஹபீப் நெய்னா,
மின்வாரியத்தில் கணக்கெழுதும் பவுசியா,
எதற்கும் சேர்ந்தே வரும் இரட்டையர்,
கபடியில் முழங்காலை விட்ட உமையராசு.

மண்வெட்டியைத் தொடவிடவில்லை.
நடங்க, என்றாள். மேட்டைக் குறுக்கே நடங்க.
நேரா ஏறினா
மழையும் அதே வழியில இறங்கும்.
பாதை வெட்டுறோம்னு ஓடை வெட்டி வச்சிருப்போம்.

பாதி பாட்டில் தண்ணீரைப் படுக்கப்போட்டு
உள்ளே ஆடும் கோட்டில் சரிவு பார்த்தாள்.
வெளிவிளிம்பு இரண்டு விரல் தாழவேண்டும்.
ஒரு முழ நீளம் சீவிவிட்டுக்
குடத்தைச் சாய்த்தாள்.
தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து
புதருக்குள் போயிற்று.
எல்லோரும் கைதட்டினார்கள்.

என்னால் முடியவில்லை.
லாரித் தண்ணீர் அது.
கரை போடுவோம், மடை அடைப்போம்,
ஊருணியில் கால் கழுவியவனை ஊரே திட்டும்,
குடித்துக் கையில் மிஞ்சியதை
முகத்தில் தடவிக்கொள்வோம்.
தண்ணியத் தங்கவிடாதே என்று
ஒருத்தி சொல்லி
அன்றுதான் கேட்கிறேன்.

வெறும் மணல் சக்கரத்தை விழுங்கும்.
கண்மாய்க் கரம்பை மூன்று டிராக்டர் வந்தது.
ஒரு கூடை கரம்பைக்கு இரண்டு கூடை தேரி மண்,
மிதித்து, நனைத்து, மறுபடி மிதித்து.
சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கணும்;
உமையராசு பாதியில் விட்ட வேர்
எட்டாம் நாள் தளிர்த்து அவனைப் பார்த்தது.
பவுசியாவின் செருப்பை முள் துளைத்தபோது
ஒட்டித் தரட்டுமா என்று கேட்ட ஹபீப் நெய்னா
கரம்பைக் கட்டியால் அடி வாங்கினான்.
ஓர் உடைமரத்தை வெட்டாமல் பாதையை வளைத்தோம்.
கருணை இல்லை, அலுப்பு.
அந்த வளைவுக்கு இன்றும் பெயர் சோம்பேறி முக்கு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி அடித்துப் பெய்தது.
டார்ச்சோடு போனேன்.
சொன்ன இடத்தில் எல்லாம்
தண்ணீர் பாதையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது,
பஸ்ஸில் தன் ஊர் வந்ததும்
இறங்குகிற ஆள்மாதிரி.
சோம்பேறி முக்குக்குக் கீழே
யாருக்கும் சொல்லாமல் நான் வெட்டிய குழி
முழங்கால் அளவு நிறைந்திருந்தது.
பக்கத்தில் மூன்று பனங்கொட்டை புதைத்திருந்தேன்.

விடிந்ததும் மெர்சிலின் வந்து பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
குழி ரொம்பக் கிட்ட இருக்கு,
ஓரம் சரிஞ்சிரும்.
மூணு முழம் தள்ளி வெட்டு.
வெட்டினேன்.
பிறகு மற்ற இறக்கங்களிலும்
மூணு மூணு முழம் தள்ளி
ஒவ்வொன்று வெட்டச் சொன்னாள்.

இரட்டையர் அட்டை எழுதிக் கட்டினார்கள்:
ஈரம். ரெண்டு நாள் கழிச்சு வரவும்.
முதலில் மீறியது அவர்கள்தான்.
இரண்டு சக்கரத் தடம், கோணலாக,
நடுப்பாதையில்.
நிரவி முடிக்க அரை நாள் ஆயிற்று,
அவர்களே நிரவினார்கள்.

ஆடியில் காற்று
ஒரு வாரத்தில் பாதையை மூடிவிடும்.
ஞாயிறுதோறும் கூட்டுகிறோம், பனைமட்டையால்.
கூட்டக் கூட்டக் காற்றும் வருகிறது.
அதற்கும் வேறு வேலை இல்லை போல.

தூத்துக்குடியிலிருந்து வந்த பையன்கள்
தலைக்கவசத்தோடு பறந்து போகிறார்கள்.
சோம்பேறி முக்கில் ஒருவன் நின்று
அண்ணே, நீங்க எத்தனை நிமிஷத்துல சுத்துவீங்க
என்று கேட்டான்.

மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டேன்.
எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.
நடந்தால் ஒரு மணி நேரம்,
குழிகளை எட்டிப் பார்த்துக்கொண்டே போனால்
இன்னும் கொஞ்சம் கூட.